யார் கையிலும் இல்லாத ஐந்து நாள்

குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேடாதீர்கள். இந்தக் கதையில் வருகிற குருவுக்கு வயது முப்பத்து மூன்று. பெயர் வனிதாமணி. ஈரோட்டில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு மாடி அறையில் டொமைன் பெயர்களைப் பதிந்து கொடுக்கும் தொழில் செய்கிறவர். வெப்சைட்டைத் திறக்க நாம் தட்டுகிறோமே, அந்தப் பெயர்கள்தான்.

சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு. பெயர் சென்னியப்பன். அதே மாடியில், பக்கத்து அறையில், பத்திரம் எழுதுகிறவர். ஊரார் நிலத்தையும் வீட்டையும் முப்பது வருஷமாகக் காகிதத்தில் கை மாற்றிவிட்ட மனுஷர். கம்பெனிப் பத்திரம் எழுத வந்தவர்கள் அப்படியே வெப்சைட்டுக்கும் ஒரு பெயர் பிடித்துக் கொடுங்கள் என்று கேட்கத் தொடங்கியதும், இதையும்தான் பார்த்துவிடுவோமே என்று பக்கத்து அறைக்கு வந்தார். வனிதாமணி அவருக்கு ஒரு முகவர் கணக்கைத் திறந்து கொடுத்தார்.

மற்ற நேரமெல்லாம் அவர் வனிதாமணியை 'அம்மணி' என்றுதான் கூப்பிடுவார். பாடம் கேட்கும்போது மட்டும் 'டீச்சர்'. பாடம் இப்படிப் போகும்.

"ரிஜிஸ்ட்ரிங்கறது என்னங்க டீச்சர்?"

"எந்தப் பேரு யாருகிட்ட இருக்குன்னு மூலப் புத்தகம் வச்சிருக்கற இடம். டாட் காமுக்கு ஒண்ணு, டாட் ஆர்குக்கு ஒண்ணு, டாட் இன்னுக்கு ஒண்ணு."

"நம்ம பதிவுத்துறையாட்டம்."

"ஆமாங்கய்யா."

"அப்ப ரிஜிஸ்ட்ரார்?"

"அந்தப் புத்தகத்துல எழுத அனுமதி வாங்குன கம்பெனி. நாம அவங்களுக்கு முகவர்."

"டி.என்.எஸ்?"

"மனுசங்களுக்குப் பேருதான் ஞாபகம் இருக்கும். மிஷினுக்கு நம்பர்தான் தெரியும். பேரைச் சொன்னா அதோட நம்பரை எடுத்துக் குடுக்கறது."

"நாம மேக்காலத் தோட்டம்னு சொல்லுவோம், தாலுகா ஆபீஸ்ல சர்வே நம்பர் கேப்பாங்க. அதானுங்களே?"

"அதேதானுங்க."

சீடருக்கு ஒரே குஷி. எல்லாமே தெரிந்த சரக்காக இருந்தது. 'ஹூ இஸ்' என்று ஒரு தேடல் உண்டு. ஒரு பெயரைக் கொடுத்தால் அது எப்போது பதிவானது, எந்த ரிஜிஸ்ட்ரார் மூலம், இப்போது என்ன நிலை என்று காட்டும். வில்லங்கச் சான்று என்று நோட்டில் குறித்துக்கொண்டார். பெயரைப் பதிகிறவருக்கு ரிஜிஸ்ட்ரன்ட் என்று பெயர். அதற்கு நேராக 'உரிமையாளர்' என்று எழுதினார். வனிதாமணி அதை அடித்துவிட்டு 'வைத்திருப்பவர்' என்று எழுதினார். ரெண்டும் ஒன்றுதானே என்று சென்னியப்பன் சிரித்தார்.

ஒரு சொல் மட்டும் அவருடைய நோட்டில் உட்காராமல் நின்றது. எக்ஸ்பைரி. கிரயம் ஆன சொத்துக்கு எங்கேயாவது காலாவதித் தேதி உண்டா? சந்திர சூரியர் உள்ளவரைக்கும் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்வது என்று ஆயிரம் தடவை எழுதிய கை அது.

"எக்ஸ்பைரின்னா என்னங்க டீச்சர்?"

"வரும்போது தெரியுமுங்கய்யா."

அப்போதே விளக்கிச் சொல்லித் தொலைத்திருக்கலாம். குருமார்களுக்கு இது ஒரு வியாதி. கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னால் குரு பட்டம் பறிபோய்விடும் என்று நினைப்பு.

சென்னியப்பனுக்கும் ஒரு பழக்கம் இருந்தது. கிராமத்திலிருந்து பத்திரத்துக்கு வருகிற வயசானவர்களிடம் போன் இருக்காது, இருந்தாலும் மெசேஜ் பார்க்கத் தெரியாது. விண்ணப்பத்தில் போன் நம்பர் கேட்கும் இடத்தில் தன் நம்பரையே போட்டுவிடுவார். அலைச்சல் மிச்சம் என்று அவர்களும் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். இதை அவர் ஒரு புண்ணியமாகவே நினைத்திருந்தார். டொமைன் தொழிலிலும் அதையேதான் செய்தார். பெயர் பதிய வந்தவர் ஈமெயில் என்றதும் கொஞ்சம் யோசித்தால் போதும், "அதெல்லாம் நான் பாத்துக்கறனுங்க" என்று தன்னுடையதைப் போட்டுவிடுவார். அந்த ஈமெயில் அவருடைய மருமகன் எப்போதோ திறந்து கொடுத்தது. அதற்குள் அவர் எட்டிப் பார்த்ததே இல்லை.

அப்படிப் பதிந்த பெயர்களில் ஒன்று ஒரேஉதிரம் டாட் ஆர்க். பதியச் சொன்னவர் தமயந்தி என்ற அம்மாள். ஈரோட்டிலேயே ஒரு ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியன். பாம்பே குரூப் என்று ஒரு ரத்த வகை இருக்கிறது. பல ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான் அமையும். அவர்களுக்கு வேறு எந்த ரத்தத்தையும் ஏற்றக்கூடாது. நாலைந்து மாவட்டத்தில் அந்த வகைக்காரர் நாற்பத்தொரு பேரைத் தமயந்தி தேடிப் பிடித்து, சம்மதம் வாங்கி, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று காட்டுகிற ஒரு வெப்சைட்டை நடத்தி வந்தார். நாற்பத்தொரு பேர் பர்ஸிலும் ஒரு அட்டை, பதினேழு ஆஸ்பத்திரிகளில் ஒரு ஸ்டிக்கர். இரண்டிலும் அந்தப் பெயர் மட்டும்தான் இருந்தது. போன் நம்பர் ஆள் மாறினால் மாறிப்போகும், பெயர் மாறாது என்று யோசனை சொன்னவரே சென்னியப்பன்தான்.

இரண்டு வருஷத்துக்கு மேல் போனது. ஒரு வெள்ளிக்கிழமை காலை தமயந்தி மாடியேறி வந்தார். உட்காரச் சொல்லும்வரை நின்றார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

நாமக்கல்லில் ஒரு பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பிறகு உதிரப்போக்கு நிற்கவில்லை. பாம்பே குரூப். நர்ஸ் சுவரில் இருந்த ஸ்டிக்கரைக் காட்டியிருக்கிறார். புருஷன் போனில் அந்தப் பெயரைத் தட்டியிருக்கிறான். ஒன்றும் திறக்கவில்லை. பெயரைத் தப்பாகத் தட்டிவிட்டோமோ என்று திரும்பத் திரும்பத் தட்டியிருக்கிறான். கடைசியில் யார் யாரையோ பிடித்து, எந்தெந்த ரத்த வங்கிக்கோ போன் போட்டு, தமயந்தியின் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறான். பவானியிலிருந்து ஒருவர் போய் ரத்தம் கொடுத்தார்.

"பொழச்சுக்கிட்டாங்க," என்றார் தமயந்தி. "ஆனா எட்டு மணி நேரம் ஆயிருச்சுங்க."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. அது சென்னியப்பனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வனிதாமணி அந்தப் பெயரை ஹூ இஸ்ஸில் போட்டுப் பார்த்தார். பிறகு திரையை இருவர் பக்கமும் திருப்பினார். நிலை என்ற இடத்தில் 'அழிக்கக் காத்திருக்கிறது' என்று ஆங்கிலத்தில் இருந்தது. பதிந்த இரண்டு வருஷம் எப்போதோ முடிந்துவிட்டது என்று விளக்கினார். முடிந்ததும் ஒரு மாசத்துக்கு மேல் சலுகை நாள் உண்டு, அதற்குள் புதுப்பித்திருந்தால் சத்தமில்லாமல் திரும்பியிருக்கும். அப்புறம் முப்பது நாள் மீட்புக் காலம், அதில் அபராதத்தோடு மீட்டிருக்கலாம். இரண்டும் போய்விட்டது. எப்போதாவது மட்டுமே தேவைப்படுகிற பெயர் என்பதால், திறக்காமல் போனதை யாரும் கவனித்திருக்கவில்லை. இப்போது நடப்பது கடைசி ஐந்து நாள்.

சென்னியப்பன் போனை எடுத்து, மருமகனைக் கூப்பிட்டு வழி கேட்டு, அந்த ஈமெயிலைத் திறந்தார். பதினோரு நினைவூட்டல்கள் வரிசையாக இருந்தன. ஒன்றையும் யாரும் பிரிக்கவில்லை. கடைசியாக வந்ததில் பெயர் சிவப்பு எழுத்தில் இருந்தது.

"யாரைப் போய்ப் பாக்கணுமுங்க டீச்சர்?" என்றார். எந்த ஆபீஸானாலும் பார்க்க வேண்டிய ஆள் ஒருவர் இருப்பார் என்பது அவருடைய முப்பது வருஷ அனுபவம்.

"இந்த அஞ்சு நாள் பாக்க ஆளே கெடையாதுங்கய்யா. இது இப்ப யார் கையிலயும் இல்ல."

"அஞ்சு நாள் கழிச்சு?"

"புதன்கிழமை கீழ விழும். யாரு முதல்ல பிடிக்கறாங்களோ அவங்களுக்கு."

விழுகிற பெயர்களைப் பிடிப்பதற்கென்றே மிஷின் வைத்துக் காத்திருக்கும் கம்பெனிகள் உண்டு என்றும், தாமும் அப்படி ஒன்றிடம் சொல்லிவைக்கலாம் என்றும், ஆனால் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றும் வனிதாமணி சொன்னார். வேறு யாராவது பிடித்தால் என்ன ஆகும் என்று தமயந்தி கேட்டார். நாலு பேர் வந்துபோகிற பழைய பெயர், அதில் சூதாட்ட விளம்பரம் போட்டு வைப்பார்கள் என்றார் வனிதாமணி. ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருக்கிற பெயர் அப்படித் திறப்பதை நினைத்துப் பார்த்தாரோ என்னவோ, தமயந்தி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லது என்று நினைத்துச் செய்தது ஒரு உயிரைப் பறிக்கப் பார்த்ததே என்று அவரால் தாங்க முடியவில்லை. என்னை நாலு வார்த்தை திட்டுங்கள் என்று இருவரிடமும் கேட்டார்.

"கணக்குத் திறந்து குடுத்த அன்னிக்கே நான் விளக்கிச் சொல்லியிருக்கணும்," என்றார் வனிதாமணி. "வரும்போது தெரியும்னு சொன்னது எந் தப்புங்கய்யா."

இந்த ஒரு பேச்சுக்காகத்தான் நான் அவரைக் குரு என்று ஒத்துக்கொள்கிறேன்.

அன்றைக்கே வேறு ஒரு பெயர் பதிந்தார்கள். வெப்சைட் பழைய இடத்தில் அப்படியேதான் இருந்தது, அதற்குப் போகிற வழிதான் அறுந்திருந்தது. புதுப் பெயரை அந்த இடத்துக்குக் காட்டிவிட்டதும் பத்து நிமிஷத்தில் திறந்தது. பழைய பெயருக்கும் ஒரு கம்பெனியிடம் சொல்லிவைத்தார்கள். தமயந்தியிடம் நாற்பத்தொரு பேரின் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு சென்னியப்பன் தன் அறைக்குப் போனார். அந்த இரண்டு நாளும் அவர் ஒரு பத்திரம் எழுதவில்லை. வந்த பார்ட்டிகளைத் திங்கட்கிழமைக்கு மேல் வரச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் தொண்டை கட்டிய குரலில் வந்து நின்றார்.

"நாப்பத்தொரு பேருக்கும் புதுப் பேரைச் சொல்லிட்டனுங்க டீச்சர். ஒருத்தர் பாக்கி இல்ல."

"ரத்தம் குடுக்கறவங்களுக்கு."

"ஆமாங்க."

"தேடி வரப்போறவங்களுக்கு?"

"அவங்க யாருன்னே தெரியாதுங்களே."

வனிதாமணி கீபோர்டு பக்கம் திரும்பிக்கொண்டார். பழைய வியாதிதான், ஆனால் இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை. சென்னியப்பன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, புதுப் பெயர் போட்ட ஸ்டிக்கர் கட்டு ஒன்றை அச்சடிக்கக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பினார். கோபி, காங்கேயம், தாராபுரம் என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார். பழைய ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டினார். சில இடத்தில் வாட்ச்மேன் சந்தேகப்பட்டு விரட்டினார்கள். தமயந்தியோடு போனில் பேச வைத்து உள்ளே போனார். தாராபுரத்தில் ஒரு நர்ஸ் இதற்கு ஏன் இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டார். அந்தப் பழைய பெயர் தனக்கு மனப்பாடம் என்றும், போன மாசம்கூடப் பாலக்காட்டிலிருந்து கேட்ட யாருக்கோ எழுதிக் கொடுத்ததாகவும் சொன்னார். யாருக்கு என்று அவருக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை நாமக்கல்லில் கடைசி ஸ்டிக்கரை ஒட்டினார். அதோடு திரும்பியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. தமயந்தி கொடுத்த விலாசத்தை விசாரித்துக்கொண்டு அந்தப் புருஷனின் வீட்டுக்குப் போனார். அவன் பெயர் நவநீதன். லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலை. கூடத்தில் தூளி ஆடிக்கொண்டிருந்தது.

சென்னியப்பன் உட்காராமலே விஷயத்தைச் சொன்னார். அன்றைக்கு அந்தப் பெயர் திறக்காமல் போனதற்குத் தான்தான் காரணம், வந்த கடிதம் ஒன்றையும் பிரித்துப் பார்க்காதவன் தான்தான் என்றார். நவநீதன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அடிக்கப்போகிறான் என்றுதான் இவர் நினைத்தார். அவன் எழுந்து போய் ஒரு நாற்காலியைக் கொண்டு வந்து போட்டான்.

"ஸ்டிக்கர் மாத்தி என்னங்க பண்ணுவீங்க?" என்றான். "அன்னிக்கு அந்தப் பேரை என் போன்ல இருக்கற அத்தனை பேருக்கும் அனுப்பினேன். உங்களுக்குத் திறக்குதா பாருங்கன்னு. அவங்க இன்னும் யார் யாருக்கோ அனுப்பினாங்க. எத்தனை பேர்கிட்ட இருக்குதுன்னு எனக்கே தெரியாதுங்க."

திறக்காத பெயரை இத்தனை பேர் வைத்திருக்கிறார்கள். அவர்களில் எவருக்கு என்றைக்குத் தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்? சுவரில் இருந்ததைச் சுரண்டிவிட்டார், இதை எங்கே போய்ச் சுரண்டுவார். நவநீதன் கொடுத்த காபியை அவரால் பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை.

திரும்பி வந்ததும் நேராக மாடிக்குத்தான் போனார்.

"பழைய பேரு கெடைச்சே ஆகணுமுங்க டீச்சர்."

"ஆமாங்கய்யா."

புதன்கிழமை தமயந்தி லீவு போட்டுவிட்டு வந்தார். மூன்று பேரும் அந்த அறையிலேயே இருந்தார்கள். எந்த நேரத்தில் விழும் என்று சரியாகச் சொல்ல முடியாது என்றார் வனிதாமணி. பத்தரைக்கு டீ வந்தது, ஒரு மணிக்குத் தமயந்தி கொண்டுவந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டார்கள். சென்னியப்பன் இரண்டு தடவை எழுந்து போய் மாடிப்படியில் நின்றுவிட்டு வந்தார். எதிரே சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாலு மணி வாக்கில் வனிதாமணி ஹூ இஸ்ஸைத் திரும்பத் தட்டினார். அந்தப் பெயர் இல்லை என்று வந்தது. அப்படி ஒரு பெயரை உலகத்தில் யாரும் பதிந்ததே இல்லை என்பதுபோல வெறும் பக்கம். தமயந்தி கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த நிமிஷம் மெயில் வந்து விழுந்தது. அவர்கள் சொல்லிவைத்த கம்பெனியே பிடித்துவிட்டது.

இதில் ஞானம் ஒன்றும் இல்லை. அதிர்ஷ்டம்தான். வேறு யாருக்கும் அந்தப் பெயர் மேல் ஆசை வரவில்லை, அவ்வளவுதான். சென்னியப்பன் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். தமயந்திதான் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

விண்ணப்பம் திறந்தது. வைத்திருப்பவரின் ஈமெயில் என்ற இடம் வந்ததும் சென்னியப்பன் நாற்காலியிலிருந்து எழுந்து, தமயந்தியை உட்காரவைத்து, அவரையே தட்டச் சொன்னார். சரிபார்க்க வந்த மெயிலை அவருடைய போனிலேயே திறக்கவைத்தார். தான் இப்படித் தன் ஈமெயிலைப் போட்டுக்கொடுத்த மற்ற பார்ட்டிகள் எல்லோரையும் நாளையிலிருந்து ஒவ்வொருவராக வரவழைத்து மாற்றப்போவதாகச் சொன்னார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லிக் கேட்கவில்லை.

கடைசியாக எத்தனை வருஷத்துக்கு என்று ஒரு கட்டம் வந்தது. ஒன்றிலிருந்து பத்து வரை நம்பர்கள் இருந்தன.

"பத்துக்கு மேல இல்லீங்களா?" என்றார் சென்னியப்பன்.

"யாருக்குமே இல்லீங்க."

"அப்பப் பத்துப் போட்டுருங்க டீச்சர். எந்த ஊர்ல யாரு அந்தப் பேரை நம்பி வச்சிருக்காங்களோ. பத்து வருசத்துக்குக் கவலை இல்லாம இருக்கலாம்."

வனிதாமணி ஒன்று என்பதை அழுத்தினார்.

சென்னியப்பன் கையை நீட்டித் தடுக்கப் போனார், அதற்குள் திரை மாறிவிட்டது.

"என்னங்க டீச்சர், இத்தனை பட்டும் ஒரே வருசமா? நடுவுல மறந்துட்டம்னா?"

"பத்துப் போட்டாத்தானுங்கய்யா மறப்போம்."